சாவி எங்கே?

அந்த நகரத்து மேயருக்கு ஊரார் வைத்த பெயர் ரிப்பன். பெற்றவர்கள் வைத்த பெயர் தேர்தல் சுவரொட்டியில் மட்டும்தான் இருந்தது. கத்தரிக்கோலைக் கண்டால் மனிதருக்குக் கை பரபரக்கும். ஒரே பேருந்து நிலையத்தை ஒவ்வொரு வாசலாக நின்று தனித்தனியாகத் திறந்துவைத்தவர். பாதியில் நிற்கும் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு விழா எடுத்தார். அந்தப் பக்கம் இன்னும் கட்டவில்லை, கட்டியிருந்தால் அங்கேயும் எடுத்திருப்பார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாததும் நடந்தது. குடிநீர் நிலையத்துக்கு வாங்கியதாகச் சொன்ன புது இயந்திரங்கள் யார் கண்ணிலும் படவில்லை. அதைப் பற்றிப் பேசியவர்கள் வீட்டுக் கதவை போலீஸ் தட்டியது. பிறகு ஒருநாள் அந்த நிலையத்தின் வாட்ச்மேன் ஏரியில் பிணமாக மிதந்தார். கால் வழுக்கி விழுந்துவிட்டார் என்று போலீஸ் எழுதி முடித்தது. ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்த மனிதர், நன்றாக நீச்சல் தெரிந்தவர். போலீஸ் சொன்னதைச் சின்னக் குழந்தைகூட நம்பவில்லை.

அன்றிலிருந்து ஊருக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். மின்சாரம் போனால் ரிப்பன் வேலை. குழாயில் தண்ணீர் கலங்கி வந்தால் ரிப்பன் வேலை. ஒரு வீட்டு மாமியார் படியில் தடுக்கி விழுந்ததற்குக்கூட அந்தப் படியைக் கட்டிய ஒப்பந்தக்காரர் யார் என்று விசாரித்தார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? ஊரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. உண்மையைச் சொல்லவேண்டியவர்கள் சொல்லாவிட்டால் ஊர் தானே ஒன்றைச் சமைத்துக்கொள்ளும்.

நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் சாவியக்காவின் கடை. பூட்டு பழுதுபார்ப்பாள், சாவி அறுப்பாள், சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் விழிப்பவர்களின் கதவைத் திறந்துவிடுவாள். உட்கார்ந்தால் முழங்கால் மேசையில் இடிக்கும். சுவர் முழுக்கக் கொக்கிகளில் வெட்டாத சாவிகள், மேசைமேல் அறுக்கிற மெஷின், எங்கே கைவைத்தாலும் ஒட்டிக்கொள்ளும் பித்தளைத் தூள். கட்டினவன் ஒருநாள் காய்கறி வாங்கப் போனவன்தான், நல்ல காய் இன்னும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அவளுக்கென்று இருந்தது அந்தக் கடையும் ஒரு தம்பியும். அம்மா போனபின் அவள்தான் அவனைத் தூக்கி வளர்த்தாள். அக்கா என்று கூப்பிட்டாலும் அவள் அவனுக்கு அம்மாதான்.

அந்தத் தம்பி போலீசில் டிரைவர். மேயரின் கார் பின்னால் போகிற பாதுகாப்பு ஜீப்பை ஓட்டினான். வாட்ச்மேன் இறந்த இரவும் அவன்தான் ஓட்டினான். ஊர் சத்தம் தாங்காமல் அரசாங்கம் ஒரு விசாரணை நீதிபதியைப் போட்டது, அவர் தம்பியைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்.

செய்தி வந்த அன்று அவன் கடைக்கு வந்து, சீருடையோடு படியில் உட்கார்ந்தான்.

"என்னடா பாத்த அன்னிக்கு?" என்று கேட்டாள்.

"அத ஜட்ஜ்கிட்டதான்க்கா சொல்லணும். உனக்குத் தெரிஞ்சா உன் வீட்டுக்கும் பூட்டு மாத்தணும்."

"உன் வீட்டுப் பூட்டுக்கு என்ன கேடு?"

"கதவுல பாதி கண்ணாடி. ஒடச்சுக் கைய விட்டா உள்தாப்பாளத் தொறந்துடலாம். எங்க ஆளுங்களுக்கு அது ஒரு வேலையே இல்ல. நான் பாத்திருக்கேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான். "போலீஸ்காரன் போலீசுக்குப் பயந்து பூட்டு வாங்கறேன் பாரு. சிரிப்பா இல்ல?"

அவள் சிரிக்கவில்லை. கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

தாழ்ப்பாள் இல்லாமல் இரண்டு பக்கமும் சாவி போடுகிற பூட்டு ஒன்று உண்டு. கண்ணாடியை உடைத்துக் கையை விட்டாலும் பயனில்லை, உள்ளேயும் சாவி வேண்டும். கடைகளுக்குப் போடுவார்கள். ஆள் படுத்துத் தூங்குகிற வீட்டுக்குப் போடமாட்டார்கள். உள்ளே இருப்பவன் வெறுங்கையால் திறக்க முடியாத கதவு வீட்டுக்கு ஆகாது என்பது தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விதி. எத்தனையோ பேர் கெஞ்சியும் சாவியக்கா போட மறுத்திருக்கிறாள். தம்பிக்குப் போட்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், அன்று அவளும் அரண்டுதான் இருந்தாள்.

ஒரு சாவியை அவள் வைத்துக்கொண்டாள். இன்னொன்றை உள்ளே, சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில், கண்ணாடி வழியாகக் கை எட்டாத தூரத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டினாள். "இங்கேயே இருக்கட்டும். எடுத்தா திரும்ப இங்கயே மாட்டு. கண்ண மூடிட்டு வந்தாலும் கைக்கு அம்புடணும்" என்றாள். அவன் சரி என்று தலையாட்டினான்.

சாட்சி சொல்லவேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளியன்று, மதியம் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனாள். இரவு முழுக்க வண்டி ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். கதவைத் திறந்துவிட்டு அப்படியே கட்டிலில் சாய்ந்தான். சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"அவுத்துப் போடுடா. தொவச்சுத் தேச்சுத் தரேன். ஜட்ஜ் முன்னாடி கசங்கின சட்டையோடயா நிப்ப?"

"இன்னொரு செட்டு இருக்குக்கா."

"அது வெளுத்துப்போச்சு. இதுதான் நல்லா இருக்கு."

மறுத்துப் பேச அவனுக்குத் தெம்பில்லை. சீருடையை மாற்றிச் சுருட்டிக் கொடுத்தான், அவள் அதைத் தன் துணிப்பையில் திணித்துக்கொண்டாள். இரண்டு வாய் சாப்பிட்டான், கண் செருகியது. பழைய மேசை விசிறியைப் போட்டுக்கொண்டு, "நீயே பூட்டிட்டுப் போக்கா. நான் எந்திரிக்க மாட்டேன்" என்றான். அவள் வெளியே வந்து பூட்டினாள். எந்தக் கதவைப் பூட்டினாலும் பிடியை இருமுறை அசைத்துப் பார்ப்பது அவள் பழக்கம். அன்றும் பார்த்தாள், நன்றாகப் பூட்டியிருந்தது.

அங்கிருந்து நேராகப் போய், நகரத்தின் மறுகோடியில் ஒரு கடையில் சிக்கிக்கொண்ட ஷட்டரோடு அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. விசிறி வயரில் பிடித்த தீ மெத்தைக்குத் தாவியிருக்கிறது. ஜன்னலில் இரும்புக் கம்பி. கதவில் கண்ணாடி உடைந்திருந்தது, ஆனால் மரச்சட்டத்தின் இடுக்கில் ஓர் ஆள் நுழைய முடியாது. எதிர் வீட்டு டீச்சரும் மற்றவர்களும் கடப்பாரை கொண்டுவந்து உடைப்பதற்குள் புகை அவனை முடித்துவிட்டது. டீச்சர் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னதையே சொன்னாள். "சாவி இல்ல, சாவி இல்லன்னு கத்தினாரும்மா. என் காதுல இன்னும் கேக்குது."

சாவியக்கா உள்ளே ஓடிப் பார்த்தாள். கரிந்த சுவரில் அவள் அடித்த ஆணி அப்படியே இருந்தது. சாவி இல்லை.

வெளியே வந்து தெருவில் விழுந்து கதறினாள். "வெளிய நான்தான் பூட்டினேன். உள்ள அவனுக்குன்னு ஒரு சாவி ஆணியில மாட்டியிருந்தேன். அது எங்க போச்சு? யாரு எடுத்தா? சாவி எங்க?"

எத்தனையோ போன்கள் அதைப் படம் பிடித்தன. பொழுது சாய்வதற்குள் நகரம் முழுக்க அந்தக் குரல் ஓடியது. சாட்சி சொல்லவேண்டியவன், அதற்குள் தீயில் செத்தான், சாவியைக் காணோம். இதற்குமேல் ஊருக்கு என்ன வேண்டும்? போலீஸ் கள்ளச்சாவி போட்டு உள்ளே நுழைந்தது, ஆணியில் இருந்ததை எடுத்துக்கொண்டது, தீ வைத்துவிட்டு வெளியே பூட்டிப் போனது என்று டீக்கடையில் பேசினார்கள். மறுநாள் காலையில் சுவர்களில், பாலத்தின் தூண்களில், நகர மண்டபத்தின் மதிலில்கூடக் கரியால் எழுதியிருந்தது: சாவி எங்கே?

போலீசும் சும்மா இருக்கவில்லை. பெரிய இன்ஸ்பெக்டர், டிரைவர் குடித்துவிட்டுச் சிகரெட்டோடு தூங்கிவிட்டான் என்றார். மதுவை மோந்து பார்த்தாலே தலைசுற்றுகிறவன் அவள் தம்பி. சாவி தீயில் உருகியிருக்கும் என்றும் சொன்னார். பூட்டு உருகாத தீயில் சாவி மட்டும் எப்படி உருகும் என்று சாவியக்கா திருப்பிக் கேட்டாள். அந்தக் கேள்வியும் சுவருக்கு ஏறியது. வேலியே பயிரை மேய்ந்த ஊரில் வேலியின் பேச்சை யார் கேட்பார்கள்?

எதிர்க்கட்சியின் பேச்சாளர் ஒருவர், மைக் என்று பெயர், நகர மண்டபத்துக்கு முன்னால் பந்தல் போட்டார். தம்பியின் பெரிய படத்தை வைத்தார்கள். அதன் கீழே அவளை உட்காரவைத்தார்கள். "நீங்க ஒண்ணும் பேச வேணாம்க்கா. சும்மா உக்காந்தா போதும்" என்றார் மைக். ஏரியில் போன வாட்ச்மேனின் மனைவி தினமும் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதிகம் பேசமாட்டாள், கையை மட்டும் பிடித்துக்கொள்வாள். ஒருநாள் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரருக்கு நியாயம் கேட்டப்ப பத்து பேர்கூட வரலக்கா. உங்க தம்பி போனதுக்கப்புறம்தான் ஊரே வந்துச்சு. அவர்தான் எங்களுக்கும் சேத்துக் கேக்கறாரு."

ரிப்பன் விழாக்களை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் முடங்கினார். அவர் கட்சிக்காரர்களே கைவிடத் தயாராகிவிட்டார்கள் என்று பேச்சு. நீதிபதி சாவியக்காவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். அவள் சாவி காணாமல்போனதைச் சொன்னால் மேயரின் கதை முடிந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

அந்த வாரம் ஒரு கான்ஸ்டபிள் கடைக்கு வந்து தயங்கி நின்றான். தம்பியோடு வேலை பார்த்தவன்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. டிரஸ்ஸ ஸ்டோர்ல திருப்பி ஒப்படைக்கணும்னு மேலேர்ந்து கேக்கறாங்க. உங்ககிட்ட ஒரு செட் இருந்தா…"

"நாளைக்கு வா. தொவச்சு வைக்கறேன்" என்றாள். அழுக்காகக் கொடுக்க மனம் வரவில்லை.

வீட்டு மூலையில் அந்தப் பை கிடந்தது. இத்தனை நாளும் அதைத் தொட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. பிரித்தபோது அவன் வியர்வை வாசனை வந்தது. சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு வாளியில் தண்ணீர் பிடித்து, எந்தத் துணியைத் துவைத்தாலும் செய்கிற மாதிரி, கால்சட்டைப் பையில் கையை விட்டுப் பார்த்தாள்.

விரலில் பட்ட உடனே தெரிந்துவிட்டது. கண்ணால் பார்க்கவேண்டியதே இல்லை. அவள் அறுத்த பற்கள் அவை.

ஆணியில் இருந்தால் எவனாவது குச்சியை விட்டு எடுத்துவிடுவானோ என்று பயந்து பையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறான். அன்று அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டு மறுபடி பையில் போட்டிருக்கிறான். தூக்கக் கலக்கத்தில் சீருடையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டான். அவன் புகையில் தடவித் தடவிச் சாவி இல்லை என்று கத்திக்கொண்டிருந்தபோது, அது நகரத்தின் மறுகோடியில் அவளுடைய பையில், அவள் காலடியில் இருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. வாளியில் குழாய்த்தண்ணீர் நிரம்பி வழிந்து வாசல்வரை ஓடியது, அவள் எழுந்து மூடவில்லை. யாரைத் தேடி ஊரே அலைகிறதோ அந்த ஆள் தான்தான் என்று மட்டும் திரும்பத் திரும்பத் தோன்றியது. விதியை மீறிப் பூட்டுப் போட்டவள் அவள், சீருடையை வாங்கி வந்தவள் அவள், வெளியே பூட்டிப் பிடியை அசைத்துப் பார்த்தவளும் அவள்.

மறுநாள் மைக்கைப் பந்தலுக்குப் பின்னால் கூப்பிட்டுச் சாவியைக் காட்டினாள். அவர் முகம் வெளுத்தது. சுற்றுமுற்றும் பார்த்து, அவள் விரல்களை அதன்மேல் மடக்கினார்.

"யாருக்கும் தெரியாதுல்ல?"

"உங்களுக்குத்தான் சொல்றேன்."

"ஏரியில போடுங்க. இல்ல என்கிட்ட குடுங்க. அக்கா, அந்த வாட்ச்மேன கொன்னது அவங்கதான். அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதுக்கு சாட்சி கெடையாது. இதுக்காவது மாட்டட்டுமே. அவங்க பக்கம் ஆயிரம் பொய் இருக்கு. நம்ம பக்கம் ஒண்ணே ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. பந்தலுக்குத் திரும்பிப் போனாள். வாட்ச்மேன் மனைவி வழக்கம்போலக் கையைப் பிடித்துக்கொண்டாள். சாவியக்கா அந்தக் கைக்குள் இருந்த சாவியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு தம்பியின் படத்தைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் அவனைக் குடிகாரன் ஆக்கினார். மைக் அவனைக் கொலையுண்டவன் ஆக்கினார். அவன் அக்கா பேச்சைக் கேட்டுச் சட்டையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுத் தூங்கியவன். அந்தத் தம்பியை அவளைத் தவிர யாரும் அறியமாட்டார்கள். அவளும் வாயை மூடிக்கொண்டால் அவன் இன்னொரு முறை செத்துப்போவான்.

விசாரணை மண்டபத்தில் அவள் சாவியை நீதிபதியின் மேசையில் வைத்தாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். குடிக்கவில்லை, சிகரெட் இல்லை என்பதையும் சொன்னாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க தம்பி என்ன சொல்லவிருந்தார்னு உங்ககிட்ட சொன்னாராம்மா?"

"இல்லைங்க. நானும் கேட்டேன். அது அவனோடவே போயிடுச்சு. என்னால போயிடுச்சு."

மேயரின் வக்கீல் எழுந்து, இப்படி ஒரு நேர்மையான பெண்மணியைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். அந்த ஒரு பாராட்டு போதுமாக இருந்தது. அவள் வாசலுக்கு வருவதற்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது.

"எவ்வளவு வாங்கினா?"

"அவளே பூட்டுக்காரி. ஒரு சாவி அறுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"கூடப்பொறந்தவனையே வித்துட்டாளே பாவி."

அவள் படியை நோக்கி நடந்தாள். ஊருக்குச் சந்தேகப்படக் கற்றுக்கொடுத்தவர்கள் வேறு யாரோ, ஆனால் இந்தச் சந்தேகத்துக்கு முதல் வார்த்தை கொடுத்தது அவள் வாய்தான். வாட்ச்மேன் மனைவி தூணோரம் நின்றிருந்தாள். ஒரு முறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிறங்கிப் போனாள். மற்றவர்கள் திட்டியது சாவியக்காவுக்கு வலிக்கவில்லை, இது வலித்தது.

சில நாளில் பந்தலைப் பிரித்தார்கள். ரிப்பன் மறுபடி வெளியே வந்தார், வந்த கையோடு ஒரு நிழற்குடைக்குக் கத்தரிக்கோல் வைத்தார். அங்கிருந்து கேமராக்களோடு நேராகச் சாவியக்காவின் கடைக்கு வந்தார். "உண்மையின் தாயே" என்று ஆரம்பித்து இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் எழுந்து ஷட்டரை இழுத்து அவர் முகத்துக்கு நேரே இறக்கினாள். அதை யாரும் ஒளிபரப்பவில்லை.

கடைக்கு ஆள் வருவது நின்றது. சாவியை அவளிடம் கொடுத்தால் நகல் போலீசுக்குப் போகும் என்று பேச்சு. அவள் தினமும் கடையைத் திறந்து, மேசையைத் துடைத்து, சும்மா உட்கார்ந்திருந்தாள். மெஷினில் தூள்கூட விழவில்லை. தம்பி உட்காரும் படியில் பார்வை போகாமல் எதிர்ப்பக்கமாகத் திரும்பி உட்காரப் பழகிக்கொண்டாள்.

ஒருநாள் காலையில் அந்தப் படியில் யாரோ வந்து நின்றார்கள். வாட்ச்மேன் மனைவி. கையில் ஒரு பழைய தாழ்ப்பாள், துருப்பிடித்து நடுவில் ஒடிந்தது.

"கதவு சாத்த மாட்டேங்குது. வந்து பாக்கறீங்களா?"

"வேற ஆளு கெடைக்கலியா உனக்கு?"

"கெடைப்பாங்க." அவள் படியில் உட்கார்ந்தாள். "உங்க மேல எனக்கு ஆத்திரம்தான்க்கா. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். இருந்த ஒரு பிடியும் உங்களால கைநழுவிப் போச்சு. ராத்திரியெல்லாம் உங்களத் திட்டியிருக்கேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். இந்த ஊர்ல ஒரு சாவுக்கு, என்னாலதான்னு வந்து சொன்ன ஒரே ஆளு நீங்கதான். எங்க வீட்டுக்காரருக்கும் அப்படி ஒருத்தர் வந்து சொல்லிட்டா போதும். ஜெயிலுக்குக்கூடப் போக வேணாம். வந்து சொன்னா போதும்."

சாவியக்கா தாழ்ப்பாளைக் கையில் வாங்கினாள். அன்று வாளிக்கு முன்னால் வராத அழுகை இப்போது வந்தது. அவள் அழுது முடிக்கும்வரை மற்றவள் காத்திருந்தாள், பிறகு கருவிப்பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டாள்.

ஏரிக்கரை வீட்டில் ஒற்றைக் கதவு. சாவியக்கா புதுப் பூட்டு ஒன்றைப் பொருத்தினாள். வெளியே சாவி, உள்ளே கையால் திருகினால் திறக்கிற குமிழ். பொருத்தி முடித்ததும் உள்ளே போய் நின்றுகொண்டாள்.

"வெளியிலேர்ந்து பூட்டும்மா."

பூட்டும் சத்தம் கேட்டது. அவள் கதவிலிருந்து பின்னால் நகர்ந்து, அறையின் மூலைவரை போய், கண்களை இறுக மூடிக்கொண்டாள். சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள். மரம் கையில் பட்டது, பிறகு குமிழ். திருகினாள். கதவு திறந்தது, ஏரிக் காற்று முகத்தில் அடித்தது.

"இன்னொரு தடவ பூட்டு."

மறுபடி மூலைக்குப் போனாள், மறுபடி தடவி வந்தாள், திறந்தது.

"நல்லாத்தான்க்கா தொறக்குது."

"தெரியும். பூட்டு."

வாட்ச்மேன் மனைவி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவள் சொல்லச் சொல்லப் பூட்டிக்கொண்டே இருந்தாள்.